பூட்டு சட்டத்தில் இல்லை

நடுவர் அவர்களே! "மக்கள்தொகைதான் சமூகத்தை மாற்றுகிறது, முதியோர் பெருகினால் ஓய்வூதியம் தள்ளாடும், பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும்" என்று எதிரணியினர் அடுக்கினார்கள். பள்ளி மூடப்படுவது மெய்தான். அந்தப் பிள்ளைகள் ஏன் பிறக்கவில்லை என்று ஒருவராவது கேட்டார்களா? சமூகம்தான் மக்கள்தொகையை மாற்றுகிறது என்பது எங்கள் அணியின் வாதம்.

ஜப்பானில் 1965-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.14 குழந்தைகள். இதைத்தான் கருவள விகிதம் என்பார்கள். 1966-இல் 1.58. 1967-இல் 2.23. போர் இல்லை, பஞ்சம் இல்லை. 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு அது. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்றொரு நம்பிக்கை. மகளுக்கு வரன் அமையாதே என்ற பயத்தில், முந்தைய ஆண்டைவிடப் பிறப்பு கால்பங்கு சரிந்தது. எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் அந்நாட்டின் வயதுப் பிரமிடு வரைபடத்தில் அந்தப் பள்ளம் இன்றும் தெரிகிறது. ஜாதகம் போட்ட கணக்கு ஐயா அது!

அரசு ஆணையிட்டால் நடக்காதா என்பார்கள். ருமேனியாவில் 1966 அக்டோபரில் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் ஆட்சி கருக்கலைப்புக்குத் தடை போட்டது. 1.9 ஆக இருந்த கருவள விகிதம் மறு ஆண்டே 3.7-க்குத் தாவியது. எதிரணி அதற்குள் கைதட்டிவிட வேண்டாம். 1980-களின் தொடக்கத்தில் அது மறுபடி 2-ஐ ஒட்டி வந்து நின்றது. சிறு குடும்பம் போதும் என்ற எண்ணம் வீட்டுக்குள் வேர்விட்டிருந்தது. தடை அதைத் தொடவே இல்லை. மக்கள் மறைவாக வழி தேடினார்கள். பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டதுதான் கண்ட பலன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கருவள விகிதம் 2.1-க்கு, அதாவது ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யும் அளவுக்கு, இறங்கிய பிறகும் மக்கள்தொகை பல பத்தாண்டுகள் வளரும். (தாய் தந்தை இருவருக்கு ஈடாக 2 போதாதா? ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறக்கின்றன, சில பெண்கள் தாயாகும் வயதுக்கு முன்பே இறக்கிறார்கள். அதற்காகத்தான் அந்த 0.1.) தாயாகும் வயதில் ஏராளமானோர் இருப்பதால் வரும் உந்தம் இது. ஆனால் அத்தனை பேர் பிறந்தது எதனால்? பிள்ளைகள் பிழைப்பார்களா என்ற அச்சம் நீங்காமல், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல், குழந்தையின் கையையும் உழைப்புக்கு நம்பியிருந்த முந்தைய தலைமுறையின் வாழ்க்கைமுறையால்தானே?

கடைசியாக, சீனா. ஒரு குழந்தைதான் என்றிருந்த சட்டத்தைத் தளர்த்தி 2016-இல் இரண்டு குழந்தைக்கு அனுமதி, 2021-இல் மூன்றுக்கு. முதல் ஆண்டில் பிறப்பு கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கிக்கொண்டே போனது. 2022-இல் இறப்பு பிறப்பை மிஞ்சிவிட்டது. அரசு பூட்டைத் திறந்தும் ஏன் ஆள் வரவில்லை? அடுத்துப் பேசும் எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.