மீனும் கவசமும்: பாஷ்ஃபர்ட் டீன்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு மேற்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், அதன் கிழக்கு விளிம்பில் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒன்றில் மீன்களுக்கும் மற்றொன்றில் இடைக்காலப் போர்க்கவசங்களுக்கும் ஒரே காலத்தில் காப்பாளராக இருந்தவர் பாஷ்ஃபர்ட் டீன் (1867–1928). கவசங்களுக்கென்று மெட்ரோபாலிட்டனில் 1912-ல் தனிப் பிரிவு அமைந்தபோது, அதன் முதல் காப்பாளர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இந்த விலங்கியல் பேராசிரியர்தாம்.

இரண்டும் தொடர்பற்ற துறைகள் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீன் ஆராய்ந்த தொல்மீன்களுள், ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, இன்று ஒஹாயோ மாநிலத்துக் களிப்பாறைகளில் புதைபடிவங்களாகக் கிடைக்கும் கவச மீன்களும் உண்டு. அவற்றின் தலையை ஒரு தொகுதி எலும்புத் தகடுகளும் மார்பை இன்னொரு தொகுதியும் மூடியிருந்தன. இரண்டுக்கும் நடுவே, தலையை நிமிர்த்த இடங்கொடுக்கும் கீல் போன்ற மூட்டு இருந்தது. உடலை முழுவதும் மூட வேண்டும், ஆனால் அசைவையும் தடுக்கக் கூடாது என்பதுதானே ஐரோப்பியக் கவசக் கொல்லரின் சிக்கலும்?

டீன் கவசங்களைப் பார்த்த பார்வையும் விலங்கியலாளருடையதே. உயிரினங்களுக்கு வம்சமரம் வரைவதைப் போலவே, எந்தத் தலைக்கவசத்திலிருந்து எது கிளைத்தது, எந்த வடிவம் வழக்கொழிந்தது என்று காட்டும் கிளைப்படங்களை அவர் வரைந்தார். மீன் கருக்களின் வளர்ச்சியை ஆராய ஜப்பானுக்குச் சென்றவர், அங்கே சாமுராய்க் கவசங்களையும் சேகரித்தார். மீனியலில் அவருடைய பேருழைப்பு, 1916 முதல் 1923 வரை 3 தொகுதிகளாக வெளிவந்த, மீன்களைப் பற்றிய எழுத்துகளைப் பட்டியலிடும் நூலடைவு. இத்தகைய நூல்களைப் பாராட்டுவோர் குறைவு, பயன்படுத்தாதோர் இல்லை.

முதல் உலகப்போர் இந்தப் பழம்பொருள் அறிவைப் போர்முனைக்கு அழைத்தது. அமெரிக்கப் படையினர் அணிந்திருந்த, தட்டைக் கவிழ்த்தது போன்ற பிரிட்டிஷ் பாணித் தலைக்கவசம் காதையும் பிடரியையும் போதிய அளவு காக்கவில்லை. மேஜர் பதவி பெற்ற டீன், மெட்ரோபாலிட்டனின் கவசப் பட்டறையில் பிரெஞ்சுக் கொல்லரான டானியல் தாஷோவின் துணையுடன் புதிய மாதிரிகளைச் செய்வித்தார். அவற்றுள் ஒன்று, 15-ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசத்தைப் போலப் பிடரிவரை ஆழமாக இறங்கியது. எதிரிகளான ஜெர்மானியர் அணிந்த தலைக்கவசமும் அதே பழைய சாயலைக் கொண்டிருந்தது. தூரத்தில் நிற்பவன் நம்மவனா, பகைவனா என்று தெரியாமல் போய்விடும் என்பதால் டீனின் மாதிரி நிராகரிக்கப்பட்டது. உருவ ஒற்றுமையைக் கொண்டே இனமும் உறவும் கண்டறிந்து வந்தவருக்கு, அதே உருவ ஒற்றுமை எதிராக அமைந்துவிட்டது.

நன்றி, வணக்கம்.