அட்டையில் ஒரு கட்டம்: துரூஸ் மக்களும் மூன்று அரசுகளும்

அவைத்தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலக மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய நகரமன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் பேசி நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்ட வழக்கறிஞர் நண்பரே, பொன்னாடை வேண்டாம் புத்தகம் போதும் என்று கேட்டும் இரண்டையும் கொண்டுவந்திருக்கிற செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

11ஆம் நூற்றாண்டில் பாத்திமியர் ஆண்ட எகிப்தில் ஷியா இஸ்லாமின் ஒரு பிரிவான இஸ்மாயிலி மரபிலிருந்து கிளைத்து, விரைவிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்ட துரூஸ் சமூகம், இன்று பெரும்பாலும் சிரியா, லெபனான், இஸ்ரேல் என்று மூன்று அரசுகளின் கீழ் வாழ்கிறது. இந்த மூன்றையும் வரிசையாகப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். சிரியாவிலிருந்து தொடங்குகிறேன். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். தென்சிரியாவில் துரூஸ் மக்கள் வாழும் சுவைதா மலையில் கூத்தாடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1922 ஜூலை. சுவைதாவுக்குத் தெற்கே அல்-குரையா என்னும் ஊரில் சுல்தான் அல்-அத்ரஷின் வீடு. சுல்தான் என்பது பதவியன்று, பெயர்தான். அப்போது சிரியாவை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களின் தளபதி கூரோவைக் கொல்ல முயன்றதாகத் தேடப்பட்ட அத்ஹம் கஞ்சர் அந்த வீட்டில் அடைக்கலம் தேடி வருகிறார். வந்தவர் தென்லெபனானைச் சேர்ந்த ஷியா; வீட்டுக்காரர் துரூஸ். வீட்டுக்காரரோ அப்போது ஊரில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வந்து விருந்தாளியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்து செய்தி கேட்ட சுல்தான், 'என் வாசலுக்கு வந்தவரை என்னிடமே ஒப்படையுங்கள்' என்று கேட்கிறார், மறுக்கிறார்கள். அவர் ஆட்களைத் திரட்டி பிரெஞ்சுப் படைவரிசையைத் தாக்குகிறார். பதிலுக்கு அவருடைய வீட்டைத் தரைமட்டமாக்குகிறார்கள். அவர் எல்லை தாண்டி டிரான்ஸ்ஜோர்தானுக்கு, அதாவது இன்றைய ஜோர்தானுக்குப் போய்விடுகிறார். அத்ஹமுக்குப் பெய்ரூத்தில் மரண தண்டனை நிறைவேறுகிறது. ஒரு விருந்தாளிக்காக வீட்டை இழந்த இந்த மனிதர்தான், 1925இல் சிரியப் பெரும் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்று, 'மதம் கடவுளுக்கு, நாடு எல்லாருக்கும்' என்ற முழக்கத்தை எழுப்பினார். பிரெஞ்சு அரசோ அந்த மலையைத் துரூஸுக்கென்று தனி நாடாகவே வெட்டி வைத்திருந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்கு என்ன என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கிளர்ச்சிக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 2025 ஜூலையில், டமாஸ்கஸ் நெடுஞ்சாலையில் ஒரு துரூஸ் வியாபாரி கடத்தப்பட்டதிலிருந்து சுவைதாவில் துரூஸ் ஆயுதக் குழுக்களுக்கும் பெதூயின் பழங்குடியினருக்கும் மோதல் மூண்டது. சண்டையை விலக்குவதாகச் சொல்லி வந்த அரசுப் படையினரே துரூஸ் முதியவர்களைப் பிடித்து மீசையை மழித்தார்கள், வீடுகளில் புகுந்து கொன்றார்கள். துரூஸ் துப்பாக்கிகளும் பெதூயின் குடும்பங்களைப் பழிவாங்கின என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துரூஸைக் காப்பதாகச் சொல்லி இஸ்ரேல் டமாஸ்கஸின் பாதுகாப்பு அமைச்சகத்தின் மேல் குண்டு போட்டது. கூத்தாடிகளில் இவரும் ஒருவர்.

அந்த நாட்களின் ஒரு காணொளி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆயுதம் தாங்கியவர்கள் ஒரு முதியவரிடம் நீ யார் என்று கேட்கிறார்கள். 'நான் சிரியன்' என்கிறார். அது போதவில்லை, முஸ்லிமா, துரூஸா என்று மறுபடி கேட்கிறார்கள். துரூஸ் என்று சொன்னதும் சுடுகிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது அரசுகளின் பதிவேடுகள்தாம் என்பதே பல ஆண்டுகளாக நான் மேடைதோறும் சொல்லிவருவது. லெபனான் உள்நாட்டுப் போரில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையிலிருந்த மதப் பிரிவைப் பார்த்துக் கொன்றார்கள். அதே லெபனான் 2009இல், விரும்புகிறவர்கள் குடிப்பதிவேட்டிலிருந்து அந்த மதப் பிரிவுக் கட்டத்தை நீக்கிக்கொள்ளலாம் என்றது; ஆனால் நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் எட்டை இன்றும் துரூஸுக்கென்று எண்ணி வைத்திருக்கிறது. இஸ்ரேலோ துரூஸ் ஆண்களை 1956 முதல் கட்டாய ராணுவத்தில் சேர்த்துக்கொண்டு, 2018இல் அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூதருக்கு மட்டுமே உரியது என்று சட்டம் போட்டது. இதை விரித்துப் பேசத்தான் வந்தேன். ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே தீர்மானத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் வெளியான சிரியாவின் இடைக்கால அரசியல் சாசனப் பிரகடனம், குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்கிறது. நிரந்தரச் சாசனம் எழுதப்படும்போது அந்த வரி நீங்க வேண்டும். எந்த அரசு ஆவணத்திலும் மதப் பிரிவுக்கான கட்டம் இருக்கக்கூடாது. சுவைதாவில் கொன்றவர் எந்தத் தரப்பினராயினும் வெளிப்படையான நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும். இந்த மூன்றையும் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்துக்கு அனுப்பவிருக்கிறோம். கையொப்பத் தாள்கள் வாசலருகே, தேநீர் மேசையில் இருக்கின்றன.