ரூபாய் விழுந்தால் யாருக்கு லாபம்?

நேயர்களுக்கு வணக்கம்.

காலைச் செய்தியில் சவரன் விலை வரும், பெட்ரோல் விலை வரும். நடுவில், 'டாலருக்கு நிகரான ரூபாயின் மதிப்பு இத்தனை பைசா சரிந்தது' என்று ஒரு வரி வந்து போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, 'ரெப்போ வட்டி விகிதத்தில் மாற்றம் இல்லை' என்று இன்னொரு வரி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டிதான் ரெப்போ. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ரெண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி. ஒன்றை இழுத்தால் மற்றது அசையும். நாட்டின் வளர்ச்சி என்கிறோமே, அது அந்தக் கயிற்றில்தான் கட்டியிருக்கிறது.

'ரூபாய் விழுந்தால் நல்லதுதானே, ஏற்றுமதி கூடுமே.' படித்தவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. எவ்வளவு உண்மை என்று பார்க்கத் திருப்பூர் வரை போய் வருவோம். பேனா, பேப்பர் வேண்டாம். எல்லாம் முழு எண்கள்தான்.

1 லட்சம் டாலருக்கு ஒரு பனியன் ஆர்டர். ஆர்டர் பிடித்த அன்று டாலர் 85 ரூபாய். சரக்கு கப்பலேறிப் பணம் வரும்போது 90 ரூபாய். 85 லட்சம் வர வேண்டிய இடத்தில் 90 லட்சம் வருகிறது. 5 லட்சம் கூடுதல். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த 5 லட்சத்தை எண்ணி முடிப்பதற்குள் வாசலில் ஆள்கள் வரிசை கட்டுவார்கள்.

முதல் ஆள், ஜிப், எலாஸ்டிக் நூல், சாய ரசாயனம் என்று வெளிநாட்டிலிருந்து வாங்கியதற்குப் பணம் கேட்பவர். 20,000 டாலர் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலருக்கு 5 ரூபாய் கூடுதல், ஆக 1 லட்சம் போயிற்று.

இரண்டாவது ஆள், பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு வியாபாரி. அவரும் பேப்பர் படிக்கிறவர்தான். 'உங்கள் ரூபாய் இறங்கியிருக்கிறதே, 2 சதவீதம் குறையுங்கள்' என்பார். முடியாது என்றால் வியட்நாமோ வங்கதேசமோ காத்திருக்கிறது. அவர்களுடைய பணமும் டாலருக்கு எதிராக இறங்கியிருந்தால் நமக்கு இதில் தனி அனுகூலம் ஏதும் இல்லை. 2,000 டாலர் தள்ளுபடி, அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம்.

மூன்றாவது, நூல். பஞ்சு நம் ஊர்ப் பஞ்சுதானே, அது ஏன் ஏற வேண்டும் என்று கேட்கலாம். இறக்குமதிப் பஞ்சு துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை என்ன என்று பார்த்துத்தான் உள்ளூர் வியாபாரியும் விலை சொல்வார். டாலர் ஏறினால் அந்த விலை ஏறும், பின்னாலேயே இதுவும் ஏறும். 30 லட்ச ரூபாய் நூலுக்கு 3 சதவீதம் என்றால் 90,000.

மிச்சம் 1 லட்சத்து 30 ஆயிரம். எந்தக் கம்பெனிக்கும் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. கணக்குப் போடும் முறையைத்தான் சொல்கிறேன்.

நான்காவது ஆளை மறந்துவிடக் கூடாது, வங்கிக்காரர். ஆர்டரைக் காட்டிப் பேக்கிங் கிரெடிட் என்ற கடனை வாங்கித்தான் நூல் வாங்குகிறார்கள், கூலி கொடுக்கிறார்கள். 60 லட்சம், நான்கு மாதம். வட்டி 1 சதவீதம் ஏறினால் 20,000 ரூபாய். ரூபாய் விழுகிறது, விலைவாசி ஏறுகிறது என்று ரிசர்வ் வங்கி வட்டியைக் கூட்டிக்கொண்டே போனால்? 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50க்குப் போனது. இரண்டரை சதவீதம். அது முழுசாகக் கடன் வட்டியில் ஏறினால் 50,000. கடைசியில் கையில் 80,000.

மறுபடியும் சொல்கிறேன்: 5 லட்சம் என்று ஆரம்பித்தது, 80,000 என்று முடிந்தது. இது பஞ்சும் உழைப்பும் உள்ளூரிலேயே கிடைக்கும் தொழிலின் கதை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பூட்டுகிற இடத்தில், 100 டாலர் போனுக்கு 80 டாலர் உதிரிபாகம் வெளியிலிருந்து வருகிறது என்றால், ரூபாய்ச் சரிவின் லாபம் அந்த மிச்ச 20 டாலருக்கு மட்டும்தான். ஆகையால், ஏற்றுமதியாகும் பொருளில் நாம் சேர்த்த மதிப்பு எவ்வளவோ, ரூபாய் விழுவதில் நமக்கு லாபமும் அவ்வளவே.

இதில் இன்னொரு சிக்கல். பலர் பின்னால் வரப்போகும் டாலரை, இன்றே விலை பேசி, வங்கியிடம் முன்கூட்டியே விற்றுவைப்பார்கள். பார்வர்டு என்பது அதுதான். 86 ரூபாய்க்குப் பார்வர்டு போட்டிருந்தால், சந்தையில் 90 ஆனாலும் கையில் வருவது 86. அதில் தவறில்லை, நிம்மதிக்குக் கொடுத்த விலை. எங்கே கெடுகிறது என்றால், பையர் ஆர்டரையே ரத்து செய்யும்போது. வங்கியிடம் 1 லட்சம் டாலர் தருவதாகக் கையெழுத்து இருக்கிறது, டாலர் வரவில்லை. பார்வர்டை ரத்து செய்ய வேண்டும். சந்தை 90, ஒப்பந்தம் 86. வித்தியாசம் டாலருக்கு 4 ரூபாய், மொத்தம் 4 லட்சம், கைக்காசிலிருந்து வங்கிக்கு. சரக்கு ஏற்றாமலே நஷ்டம். ஆர்டர் தொகை முழுவதற்கும் பார்வர்டு போடாமல் பாதிக்கோ முக்கால்வாசிக்கோ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துதான் போடுகிறார்கள்.

அந்தப் பார்வர்டு விலையை யார் முடிவு செய்கிறார்கள்? ஜோசியம் பார்த்துச் சொல்வதில்லை. இன்றைக்கு 90 ரூபாய். ரூபாய்க்கு ஒரு வருட வட்டி 6 சதவீதம், டாலருக்கு 4 சதவீதம். 90ஐ 1.06 ஆல் பெருக்கி 1.04 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 91 ரூபாய் 73 பைசா. ஒரு வருடப் பார்வர்டு அதை ஒட்டித்தான் இருக்கும். கயிறு என்றேனே, அது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்தால் இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். வட்டிக்காக இங்கே வந்து உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பணத்துக்கு ருசி குறையும். கொஞ்சம் கிளம்பிப் போகும். போகும்போது டாலர் கேட்கும், ரூபாய் இறங்கும்.

இறங்காமல் பிடிக்க ரிசர்வ் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்கலாம். விற்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. 100 கோடி டாலரை 90 ரூபாய்க்கு விற்றால், 9,000 கோடி ரூபாய் வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குள் போய்விடுகிறது. ஊரில் பணப்புழக்கம் சுருங்குகிறது, வங்கிகளுக்குள் ஒரு நாள் கடன் வட்டி ஏறுகிறது. ரெப்போவைத் தொடாமலே வட்டியைக் கூட்டிய மாதிரி. அதைச் சரிக்கட்ட அரசுக் கடன் பத்திரங்களை வாங்கிப் பணத்தைத் திரும்ப விட வேண்டும். 2025 டிசம்பரில், டாலர் 90 ரூபாயைத் தாண்டிய அதே வாரம், ரெப்போ 5.25 ஆகக் குறைந்தது. கூடவே 1 லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்குகிறோம் என்ற அறிவிப்பும் வந்தது. முரண் மாதிரித் தெரியும். முரண் இல்லை. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் வைக்கிறார்கள்.

மூன்று ஆசை உண்டு, எந்த நாட்டுக்கும். டாலர் விலை அசையக் கூடாது, பணம் எல்லை தாண்டித் தாராளமாக வந்து போக வேண்டும், வட்டியை நம் இஷ்டப்படி வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும். நம் பக்கத்து வீடான இலங்கை 2021 கடைசியில் டாலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து நிறுத்தியிருந்தது. கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் கையை விட்டதும், இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. ஏப்ரலில் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதம் கூட்டினார்கள். அந்த வருடம் அவர்கள் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. பிடிக்க முடியாத விலையைப் பிடித்து வைத்ததற்கான பில், வட்டியோடு வந்தது.

இனி நம் வீட்டுக் கதை. ரூபாயின் மதிப்பை அரசே குறைப்பது என்ற ஒரே மருந்து, இரண்டு தடவை கொடுத்தார்கள், இரண்டு விதமாக வேலை செய்தது.

முதல் தடவை 1966 ஜூன் 6. டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து ஒரேயடியாக 7 ரூபாய் 50 பைசா. பாடப்புத்தகப்படி ஏற்றுமதி பொங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஏற்றுமதியாளருக்குக் கொடுத்துவந்த சலுகைகளை அதே சமயம் வெட்டினார்கள். சணலுக்கும் தேயிலைக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள். ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொண்டது. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. எதிர்பார்த்த அளவு வெளிநாட்டு உதவி வரவில்லை, இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு திரும்பி வந்தது. விலைவாசி ஏறியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு 'மதிப்புக் குறைப்பு' என்ற சொல்லையே அரசியல்வாதிகள் பல வருடம் வாயில் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை 1991. கையிருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். ஜூலை 1 அன்று சுமார் 9 சதவீதம் குறைத்தார்கள், தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பது போல. ஜூலை 3 அன்று இன்னும் 11 சதவீதம். இடையில் பிரதமர் நரசிம்ம ராவுக்குத் தயக்கம். இரண்டாவது படியை நிறுத்தலாமா என்று கேட்டார். நிதியமைச்சர் மன்மோகன் சிங், ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜனுக்குக் காலையில் போன் செய்தார். அவர் நம் அரியலூர்க்காரர். 'ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டதே' என்பது பதில். அந்தப் போன் இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் கிட்டத்தட்ட 26 ஆனது. அதே மாதத்தில் ஏறத்தாழ 47 டன் தங்கம் விமானம் ஏறி வெளிநாட்டுக்கு அடகு போனது. நம் வீட்டில் பிள்ளை ஃபீஸ் கட்ட வளையலை வைப்பது போலத்தான். 40 கோடி டாலர் அளவுக்குக் கடன் கிடைத்தது.

எங்கே வித்தியாசம்? விலையைக் குறைத்த கையோடு ஜூலை 4 அன்று வர்த்தகக் கொள்கையைத் தளர்த்தினார்கள், அதே மாதம் 24ஆம் தேதி தொழில் உரிமங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தார்கள். கூடுதல் ரூபாயைக் கையில் பெற்ற தொழிலதிபர் ஒரு இயந்திரம் இறக்குமதி செய்யவும், ஷெட்டைப் பெரிதாக்கவும் வழி திறந்தது. 1991–92இல் வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டிப் படுத்தது. 1994–95 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டியது. என் வாதம் இதுதான்: ரூபாயின் சரிவு ஒரு வாசலைத் திறந்துவைக்கும். உள்ளே நுழைய இயந்திரம், கடன், மின்சாரம், துறைமுகத்தில் இடம் எல்லாம் வேண்டும். அவை இல்லாத ஊரில் ரூபாய் விழுந்தால் பெட்ரோல் விலைதான் ஏறும்.

பெட்ரோல் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பீப்பாய் 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலரிலேயே நிற்கிறது, டாலர் மட்டும் 85லிருந்து 90 ஆகிறது. லிட்டருக்கு 37 ரூபாய் 40 பைசாவாக இருந்தது 39 ரூபாய் 60 பைசா ஆகும். பங்க்கில் விலை ஏறாமலே இருக்கலாம். அப்போது அந்த 2 ரூபாய் 20 பைசா எண்ணெய் நிறுவனத்தின் கணக்கிலோ அரசின் வரியிலோ போய் உட்காரும். காணாமல் போகாது. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. மணலி ஆலைக்கும் அப்படித்தான். தங்கமும் அதே கணக்கு: உலக விலை அசையாவிட்டாலும் தி. நகரில் சவரன் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறும்.

ஆனால் கோயம்பேட்டில் தக்காளி ஏறினால் ரெப்போவைக் கூட்டி அதை இறக்க முடியாது. வட்டிக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை. விலைவாசியை 4 சதவீதத்தில், மேலே கீழே 2 விட்டு, வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு இட்ட பொறுப்பு. அந்தக் கணக்கில் உணவுக்குப் பெரும் பங்கு இருப்பதால்தான் அவர்கள் பாடு திண்டாட்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். வீட்டுக் கடனைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். ரெப்போ மாற்றம் மதகு திறப்பது மாதிரி, கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவோடு கட்டியவை, மூன்று மாதத்துக்குள் மாற வேண்டும். வங்கி பணம் திரட்டும் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்.சி.எல்.ஆர். கடன் மெதுவாகத்தான் அசையும், ஏனென்றால் டெபாசிட் வட்டி மாறிய பிறகுதான் அந்தச் செலவு மாறும்.

ஏறும்போது கவனிக்க வேண்டியது இது. 30 லட்சம், 20 வருடம், 7 சதவீதம். மாதத் தவணை 23,259 ரூபாய். வட்டி 9.5 ஆனால் முதல் மாத வட்டி மட்டுமே 23,750. தவணையை அப்படியே வைத்து ஆண்டுகளை மட்டும் நீட்டினால், கட்டக் கட்ட அசல் வளரும். அப்படி வளர விடக் கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வட்டி மாறிய கடிதம் வந்தால் தவணைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், மிச்சம் எத்தனை மாதம் என்ற கட்டத்தையும் பாருங்கள். குறையும்போதும் அப்படியே. தவணையைக் குறைக்காமல் மாதங்களைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் கல்விக் கடனைப் பற்றிச் சொல்வது பாக்கி இருக்கிறது. கடன் ரூபாயில், ஃபீஸ் டாலரில். கடன் தொகையை முடிவு செய்யும்போது இன்றைய டாலர் விலையில் கணக்குப் போடாமல், கடைசி செமஸ்டருக்கு 10 சதவீதமாவது கூட்டி... சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.