குனிந்து பார்க்கும் கண்ணாடி

அன்பார்ந்த நேயர்களே, உங்கள் யாவருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துக்கள்.

என்னிடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வேதாகமம் இருக்கிறது. இளவயதில் அதை வாசிக்கும்போது கையில் ஒரு பென்சில் வைத்திருப்பேன். ஏதாவது ஒரு வசனம் எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பொருத்தமானது என்று தோன்றினால், அவருடைய பெயரின் முதல் எழுத்தை அந்த வசனத்தின் ஓரத்தில் சிறியதாகக் குறித்துவைப்பேன். ‘மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்’ என்ற நீதிமொழியின் அருகே என் தம்பியின் எழுத்து இருக்கும். பெருமையைப் பற்றிய வசனத்தின் அருகே உடன் வேலை செய்த ஒருவரின் எழுத்து இருக்கும். நாவைக் குறித்து யாக்கோபு எழுதிய மூன்றாம் அதிகாரத்தின் ஓரத்தில் நான்கு பேருடைய எழுத்துகள் வரிசையாக நின்றன. அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அப்படிச் செய்தேன். பல ஆண்டுகள் கழித்து, தையல் பிரிந்து ஏடுகள் கழன்றபோது, அவற்றை ஒழுங்காக அடுக்குவதற்காக ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். என் பெயரின் எழுத்தும் ஆறேழு இடங்களில் இருந்தது, அத்தனையும் வாக்குத்தத்தங்கள். கண்டிப்பு எல்லாம் மற்றவர்களுக்கும், ஆசீர்வாதம் எல்லாம் எனக்குமாகப் பங்கிட்டு வைத்திருந்தேன்.

தினந்தோறும் வேத வசனத்தின் வெளிச்சத்தில் தன்னைத்தானே சோதித்தறிவதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டபோது, முதலில் நினைவுக்கு வந்தவை அந்தக் கழன்ற ஏடுகளே.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம்மில் சொல்வதுண்டு. தாவீது ராஜாவுக்கும் அப்படித்தான் இருந்தது. தன் போர்வீரனாகிய உரியாவின் மனைவி பத்சேபாளோடு அவன் பாவஞ்செய்து, அதை மறைக்க உரியாவைப் போர்முனையில் மாளும்படி செய்து, பிள்ளையும் பிறந்துவிட்ட பிறகுதான் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வருகிறார். இத்தனை மாதங்களும் தாவீது அமைதியாகவே அரசாண்டிருக்கிறான். ஐசுவரியவான் ஒருவன் தன் மந்தையைத் தொடாமல் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமையல் பண்ணுவித்தான் என்று நாத்தான் சொன்ன மாத்திரத்தில், அந்த மனுஷன் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த வேண்டும் என்று தாவீது தீர்ப்புச் சொல்கிறான். இந்த நாலத்தனை என்பது அவன் கோபத்தில் கற்பித்துக்கொண்ட கணக்கு அல்ல. திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேதம் தெரியாமல் தாவீது விழவில்லை. அபராதத்தின் அளவுவரைக்கும் அவனுக்கு வேதம் தெரிந்திருந்தது. அந்த வசனத்தின் ஓரத்தில் எழுத வேண்டிய பெயர் யாருடையது என்பது மட்டும் தெரியவில்லை. ‘நீயே அந்த மனுஷன்’ என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே, வேதம் வாசிப்பது வேறு, வேதத்தினால் ஆராயப்படுவது வேறு. முன்னது பழக்கத்தினால் கைகூடும். பின்னதற்கு ஒவ்வொரு நாளும் புதிதாக மனம் இணங்க வேண்டும். எரேமியா 17ஆம் அதிகாரத்தில், எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது, அதாவது வஞ்சகமானது என்று வாசிக்கிறோம். அப்படிப்பட்ட இருதயத்தை அதே இருதயத்தைக் கொண்டு சோதித்தால், குற்றவாளியே நீதிபதியின் ஆசனத்தில் உட்கார்ந்ததுபோல் ஆகும். வெளியிலிருந்து ஒரு வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

இங்கே எனக்கு மிகவும் பிரியமான ஒரு காரியத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், வசனத்தைக் கேட்டும் அதின்படி செய்யாதவன், கண்ணாடியிலே தன் சுபாவ முகத்தைப் பார்த்துவிட்டு, அவ்விடம்விட்டுப் போனவுடனே தன் சாயலை மறந்துவிடுகிறவனுக்கு ஒப்பாயிருக்கிறான் என்று எழுதுகிறார். கண்ணாடி என்றவுடன் இன்று சுவரில் மாட்டியிருக்கிற, நின்றபடியே முழு உருவத்தையும் காட்டுகிற கண்ணாடியை நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்நாட்களில் பெரும்பாலும் இருந்தது மெருகேற்றிய வெண்கலத் தகடு. அது சிறியது, மங்கலானது. துடைக்காமல் விட்டால் களிம்பேறிவிடும். ஆகையால் அதை அடிக்கடி துலக்க வேண்டும், வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும், முகத்தை அதற்கு அருகில் கொண்டுபோக வேண்டும். இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இப்படிப்பட்ட கண்ணாடியை மனதில் வைத்துத்தான். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறவனுக்கு அது எதையும் காட்டாது.

அடுத்த வசனத்தில், பூரணப்பிரமாணத்தை, அதாவது தேவனுடைய வசனத்தை, ‘உற்றுப்பார்த்து’ என்று யாக்கோபு சொல்கிறார். மூலமாகிய கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் குனிந்து பார்த்தல் என்று பொருள். யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுதலின் காலையிலே ஒரு சீஷன் கல்லறைக்கு ஓடிவந்து, உள்ளே குனிந்து பார்த்தான் என்ற இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. அவன் வேடிக்கை பார்க்கக் குனியவில்லை. உள்ளே கிடக்கிற சீலைகள் தன் வாழ்நாள் முழுவதையும் மாற்றிப்போடும் என்ற பதைப்போடு குனிந்தான். ஒரு வசனத்தின் முன்னால் அப்படிக் குனிகிறோமா என்பதே என் கேள்வி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் வெண்கலத் தொட்டியைச் செய்ய வெண்கலம் எங்கிருந்து வந்தது என்பது ஒரே வசனத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. கூடாரவாசலில் கூடின ஸ்திரீகள் கொடுத்த கண்ணாடிகளிலிருந்து வந்தது. நேற்றுவரைக்கும் முகம் பார்க்கிற தகடாயிருந்தது இப்பொழுது கைகால் கழுவுகிற தொட்டியாயிற்று. கூடாரத்துக்குள் பிரவேசிக்கும்போதும், பலிபீடத்தண்டையில் சேரும்போதும், ஆசாரியர்கள் அந்தத் தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. ஒருமுறை கழுவிவிட்டோம், போதும் என்று இருக்க முடியாது. நான் இதை எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அழுக்கைக் காட்டுகிற பொருளும் அழுக்கைக் கழுவுகிற பாத்திரமும் ஒரே வெண்கலம். வசனத்தில் தன் குற்றத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணாடியைக் கண்டவர்கள், தொட்டியில் இருக்கிற தண்ணீரைக் காணாதவர்கள்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நீண்ட நேரம் தேவையில்லை. ‘சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது’ என்று எபேசியர் நிருபம் ஒரு நாளையே எல்லையாக வைத்திருப்பதால், மாலையோ இரவோ ஏற்றது. காலையில் வாசித்த வசனங்களில் ஒன்றை மட்டும் மறுபடியும் எடுத்து, அன்றைய நாளின்மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். யாரிடம் பேசினேன், எந்தக் குரலில் பேசினேன், எதைச் சொல்லாமல் மறைத்தேன் என்று நாழிகை நாழிகையாகப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இந்தப் பயிற்சியை வகுத்தபோது, குற்றங்களை எண்ணுவதற்கு முன்பு பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வதை முதற்படியாக வைத்தார். அந்த வரிசை மிகவும் முக்கியமானது. நன்றியோடு தொடங்குகிறவன், தன்னை நேசிக்கிற ஒருவருக்கு முன்பாகத் தன்னைச் சோதிக்கிறான்.

வசனத்தை வைத்துப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் கடைசிப் பந்தியில் சொன்னபோது, சீஷர்கள் மிகவும் துக்கமடைந்து, ‘ஆண்டவரே, நானோ, நானோ’ என்று கேட்டார்களே, அந்தக் கேள்விதான். பேதுரு யோவானையும் யோவான் யூதாசையும் சுட்டவில்லை. என் பழைய வேதாகமத்தின் ஓரங்களிலிருந்த எழுத்துகளை ரப்பரால் அழித்தேன். பென்சில் அழுந்திய தடம் தாளில் இன்னும் இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் அந்த நான்கு தடங்களுக்குமேல் இப்பொழுது ‘நானோ’ என்று எழுதியிருக்கிறேன்.

கண்ணாடிக்கு முன்னால் அதிக நேரம் நின்றுவிட்டேன். எனக்குத் தரப்பட்ட நேரம் முடிகிறது. சங்கீதம் 139ஐ விரிவாகப் பார்க்க எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தச் சங்கீதத்தின் கடைசிப் பகுதியில், தேவனுடைய சத்துருக்களை முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்று தாவீது கடுமையாகப் பேசுகிறான். அடுத்த மூச்சிலேயே மற்றவர்களை விட்டுத் தன்னிடம் திரும்புகிறான். இன்று இரவு வேதாகமத்தை மூடுமுன் அந்த இரண்டு வசனங்களையும் வாய்விட்டு வாசியுங்கள்: ‘தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும். வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து, நித்திய வழியிலே என்னை நடத்தும்.’

நன்றி, நேயர்களே.