ரப்பர் விமானம்: இழுத்து முறுக்கினால் ஏன் உயரப் போகிறது?

[காட்சி: மேசைமேல் பால்சா மர விமானம். உடலுக்குள் நீளமாக ஒரு ரப்பர் வளையம்.]

வணக்கம். இந்த விமானத்தில் பேட்டரி கிடையாது. மூக்கிலிருந்து வால் பக்கம்வரை ஓடுகிற இந்த ரப்பர்தான் எஞ்சின். முறுக்கிவிட்டால், அது பிரியும்போது ப்ரொப்பல்லரைச் சுற்றும்.

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரீ தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் இப்படி ஒரு ரப்பர் விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போனது. இன்று ரப்பர் விமானங்களுக்கு உலகப் போட்டியே நடக்கிறது. எஃப்1பி என்ற பிரிவில் ரப்பர் 30 கிராமைத் தாண்டக்கூடாது. எல்லோருக்கும் அதே 30 கிராம்தான் என்பதால், அதை முறுக்கும் விதத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

[காட்சி: விரலால் ப்ரொப்பல்லரைச் சுற்றும் கை.]

நம்மில் பலர் முதலில் செய்வது இதுதான். ரப்பர் தளர்ந்த நிலையிலேயே முறுகுகிறது. ஓரிடத்தில் முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது, பக்கத்திலேயே லூசாகக் கிடக்கிறது. திரண்ட இடம்தான் முதலில் அறும். மீதி ரப்பரின் சக்தி முழுவதும் வீண்.

[காட்சி: ரப்பரில் எண்ணெய் தடவும் விரல்கள்.]

சரி, முறையாகச் செய்வோம். முதலில் விளக்கெண்ணெய், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகுமளவுக்கு மட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

[காட்சி: ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க, இன்னொருவர் வைண்டருடன் பின்னோக்கி நடக்கிறார்.]

ப்ரொப்பல்லரைக் கழற்றி, ரப்பரின் முன்முனையை வைண்டர் கொக்கியில் மாட்டுங்கள். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் கொக்கி 10 அல்லது 15 சுற்று சுற்றும் கருவி இது. கடையில் கிடைக்காவிட்டால், பல்சக்கரம் வைத்த பழைய கை ட்ரில்லில் கொக்கி பொருத்தினாலும் போதும். இப்போது பின்னோக்கி நடந்து, ரப்பரை அதன் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு இழுங்கள். இழுத்த ரப்பர் மெலிந்திருக்கும், அதனால் முறுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும்.

பாதிச் சுற்றுகளை இந்த முழு இழுப்பிலேயே போட்டுவிடுங்கள். அப்புறம்தான் முன்னோக்கி நடக்க வேண்டும். சுற்றிக்கொண்டே ஒவ்வோர் அடியாக, அவசரமில்லாமல். மூக்கை எட்டும்போது கடைசிச் சுற்று விழ வேண்டும். இந்த நடைதான் முழு வித்தையும். இழுவிசையைக் கை தானாக உணரப் பத்திருபது முறை பழக வேண்டியிருக்கும்.

எத்தனை சுற்று? அதே ரப்பரில் அதே நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, அறும்வரை முறுக்கி எண்ணுங்கள். அதில் 80 சதவீதம் பறப்பதற்கு. இழைகளை இரட்டிப்பாக்கினால், சுற்றுகளை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: உடலுக்குள் செருகிய மெல்லிய குழாய்.]

ஒருமுறை முழு முறுக்கில் ரப்பர் அறுந்து, நான் மூன்று வாரம் ஒட்டிய விமானத்தின் உடலை உள்ளிருந்தே கிழித்துப்போட்டது. மனம் ஆறவே இல்லை. அன்றிலிருந்து முறுக்கும்போது ரப்பரைச் சுற்றி இந்தக் குழாயைச் செருகிவிடுகிறேன். கண்ணாடியும் கட்டாயம். அறுந்த ரப்பர் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

முறுக்கி முடித்ததும் குழாயை உருவி, ப்ரொப்பல்லரை மாட்டி, உடனே விடுங்கள். முறுக்கிய ரப்பர் காத்திருக்கக் காத்திருக்கச் சக்தியை இழக்கும். முதல் சில விநாடிகளில் விசை மிக அதிகமாக இருக்கும், விமானம் செங்குத்தாக ஏறப் பார்க்கும். அதற்காகத்தான் ப்ரொப்பல்லரின் அச்சைச் சற்றுக் கீழாகவும் ஒரு பக்கமாகவும் சாய்த்து வைத்திருக்கிறோம்.

[காட்சி: வயல்வெளிக்கு மேல் வட்டமிடும் விமானம்.]

இறங்கியதும் ரப்பரைக் கழற்றி, வெயில் படாத டப்பாவில் போட்டு மூடுங்கள். போடுமுன் இழை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். சின்னக் கீறல் தட்டுப்பட்டாலும் அந்த ரப்பரை மறுபடி முறுக்காதீர்கள்.