ஓடும்போது ஒழுகாத கார், நிறுத்தினால் ஏன் ஒழுகுகிறது? பழைய பென்ஸ் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்

[காட்சி: சிமெண்ட் தரையில் சிவப்புத் திட்டு. கேமரா மெல்ல மேலே போய் காரின் அடிப்பாகத்தைக் காட்டுகிறது.]

தரையைப் பாருங்கள். ரத்தம் சிந்தியது போலத் தெரிகிறதா? ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் இது. ஆறு வாரம் இதே இடத்தில் அசையாமல் நின்ற காரிலிருந்து வழிந்தது. தினமும் ஓடிய காலத்தில் இந்தக் காரிலிருந்து ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, "முன் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். சீல் என்றால் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு. நாங்கள் இறக்கவில்லை. கடைசியில் மாற்றியது மோதிரம் அளவுள்ள ஒரு ரப்பர் வளையம்.

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில், மாமா வீட்டு வாசலில் நிற்கிறேன். கார் மாமாவுடையது, 1985 மாடல் பென்ஸ் 230ஈ. டபிள்யூ123 என்ற வரிசை, 1976 முதல் 1986 வரை வந்தது. வரலாறு இவ்வளவு போதும், அடியில் போகலாம்.

அதற்கு முன் ஒன்று. வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

முதல் கேள்வி, கீழே விழுந்தது கியர் பாக்ஸ் ஆயில்தானா? சிவப்பு நிறம் வெறும் சாயம், என்ஜின் ஆயிலோடு குழம்பக் கூடாது என்று கலக்கிறார்கள். ஆனால் பல பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். கூலன்ட்டும் இப்போது சிவப்பிலும் ரோஸிலும் வருகிறது. விரலில் தேய்த்துப் பாருங்கள், ஆயில் வழுக்கும், கூலன்ட் தண்ணீர் போல ஓடும். பழைய கியர் ஆயில் பழுப்பாகியும் இருக்கலாம், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த ஆயிலைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. ஒரு காலத்தில் இதில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது! எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுப்பது. கியர் மாறும்போது உள்ளே கிளட்ச் தட்டுகள் உதறாமல் மெதுவாகப் பிடிக்க அது உதவியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகுதான் வேறு வேதிப்பொருள்களைத் தேடினார்கள். கடலில் நீந்திய உயிர் ஒன்று அத்தனை கார்களின் கியர் பாக்ஸுக்குள் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, ஒழுகலுக்கு வருவோம். இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[காட்சி: வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. அடுத்து, தரையடிச் சம்ப்பின் மூடி.]

பெங்களூரில் வீடு இருப்பவர்களுக்குச் சம்ப் தெரியும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் கீழே சம்ப்பில் நிரம்பும், மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுவோம். இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். ராத்திரி மோட்டார் நிற்கிறது, தண்ணீரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய வால்வு தேய்ந்துவிட்டது. மேலே ஏறிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். சம்ப் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். சம்ப்புச் சுவரின் மேல்பகுதியில் ஒரு விரிசல் இருக்கிறது என்று வையுங்கள். இத்தனை நாளும் தண்ணீர் அதுவரை வந்ததே இல்லை, அதனால் விரிசல் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும்.

கியர் பாக்ஸின் கீழ்த்தட்டையும் சம்ப் என்றுதான் மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே மெதுவடை வடிவத்தில் ஒன்று இருக்கும், அதுதான் டார்க் கன்வெர்ட்டர். கார் ஓடும்போது பம்ப் அதை ஆயிலால் நிரப்பி வைக்கும், மேல் தொட்டி மாதிரி. கார் நின்றால் அங்கேயே இருக்க வேண்டும். பழைய கார்களில் உள்ளே இருக்கும் வளையங்களும் புஷ்களும் தேய்ந்திருப்பதால், வாரக்கணக்கில் நிற்கும்போது கன்வெர்ட்டர் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். மட்டம் ஏறும். கியர் லீவரோடு இணைந்த தண்டின் சீல், சொலினாய்டு என்ற மின்சார வால்வின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி நுழையும் குழாயின் அடி என்று ஓட்டத்தில் ஆயில் தேங்கி நிற்காத இடங்களெல்லாம் மூழ்கும். அங்கே ரப்பர் காய்ந்திருந்தால், அவ்வளவுதான்.

இது என் ஊகம் இல்லை, நீங்களே சோதிக்கலாம். மூன்று நான்கு வாரம் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மாமா காரில் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் மறுபடி பார்க்கில் விட்டுப் பார்த்தோம். சரசரவென்று இறங்கிவிட்டது. நீண்ட நாள் கழித்து எடுக்கும்போது லீவரை டி-க்கு (டிரைவ்) போட்டதும் சில விநாடி கார் யோசிக்கிறதா? அதுவும் இதே அறிகுறிதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஏன் முன் சீல் என்றார்கள்? இந்த வாசலைப் பாருங்கள், தெருவை நோக்கிச் சரிவு. கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. பின்பக்கம் கசிந்த ஆயில் சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்து சொட்டியிருக்கிறது. ஓட்டும்போது இதற்கு நேர்மாறு, காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் எங்கே உயரத்தில் தொடங்குகிறது என்று தேடுங்கள்.

நாங்கள் செய்தது இது. மண்ணெண்ணெயில் பிரஷ் நனைத்து அடியெல்லாம் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டோம். அத்தை பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது வேறு கதை. மூன்றாம் நாள் வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதைப் பிடித்து மேலே போனால் வலது பக்கம் பின்னால் இருக்கும் கிக்-டவுன் சொலினாய்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கீழ் கியருக்கு மாற்றுவது. அதன் ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோடுக்குப் பழையதையே கையில் எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்கினோம். வைட்டான் ரகம் கேட்டு வாங்குங்கள், சாதாரண நைட்ரைல் ரப்பரைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும்.

சம்ப் பேக்கிங் கசிந்தால் போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். தகடு குழிந்து கசிவு கூடும். சிலிக்கான் பேஸ்ட் அப்பவும் வேண்டாம், பிய்ந்து உள்ளே போய் ஃபில்டரை அடைக்கும். ஒழுகல் நிற்க பிரேக் ஆயில் ஊற்றச் சொல்பவர் யாராயிருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ரப்பர் ஊதி ஒரு வாரம் அடைக்கும், பிறகு எல்லா சீலும் கூழாகும்.

தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் மட்டும் குறைகிறதா? புகையைப் பாருங்கள். வேக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு டப்பாவுக்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாக விடும். என்ஜினிலிருந்து அந்த டப்பாவுக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றுங்கள், உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டர் போய்விட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், என்ஜின் ஆறிய பிறகு மட்டும்தான் திறக்க வேண்டும், உள்ளே ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறதா? கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் உடைந்திருக்கிறது. அந்தக் காரை அதற்குமேல் ஓட்டாதீர்கள். தண்ணீர் கிளட்ச் தட்டின் ஒட்டையே பிரித்துவிடும்.

மாமாவுக்கு நான் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, வாரம் ஒரு முறை காரை எடுத்து அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கன்வெர்ட்டர் நிரம்பும், சீல்கள் ஈரமாகவே இருக்கும். ஓ-ரிங் மாற்றி நான்கு மாதமாகிறது, இதோ தரை.

[காட்சி: அதே சிமெண்ட் தரை, காய்ந்து வெளுத்து.]

உங்கள் கார் எங்கே சொட்டுகிறது? மாடலையும், நிறுத்தும்போது மூக்கு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதையும் கமெண்டில் எழுதுங்கள். நானும் மாமாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறோம்.