அடித் துளையின் தண்ணீர்தான் அதிக தூரம் போகுமா?

[திரையில்: தரையில் நிற்கும் பாட்டில், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள்]

இந்தப் படத்தைப் பல அறிவியல் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், அதனால் அடித் துளையின் தண்ணீர்தான் ரொம்ப தூரம் போய் விழும் என்று வரைந்திருப்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் செய்தே பார்த்துவிடலாம்.

[திரையில்: தண்ணீர் மட்டம் 20 செ.மீ. துளைகள் தரையிலிருந்து 15, 10, 5 செ.மீ. உயரத்தில்]

மட்டம் இறங்காமல் இருக்க மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். எது முந்துகிறது, பாருங்கள். நடுத் துளை! மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன.

இதற்கான விதியை இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். பாதரச பாரமானி தந்த அதே டாரிசெல்லிதான். நீர்மட்டத்திலிருந்து துளை வரைக்கும் ஒரு கல் விழுந்தால் என்ன வேகம் பெறுமோ, தண்ணீர் அந்த வேகத்தில்தான் வெளியே வரும். சூத்திரமாக எழுதினால், இரண்டு, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதில் அடர்த்தி என்ற பேச்சே இல்லை. தண்ணீருக்குப் பதில் பாதரசம் ஊற்றினாலும் வேகம் அதேதான்! எனக்கு இந்த விதியில் ரொம்பப் பிடித்த இடம் இது.

[திரையில்: மூன்று தாரைகள், பக்கத்தில் எண்கள்]

அடித் துளைக்கு வேகம் நொடிக்கு 1.7 மீட்டர். ஆனால் அது தரையைத் தொட 0.1 நொடிதான் ஆகிறது. பறக்க நேரமே இல்லை. மேல் துளைக்கு நேரம் 0.17 நொடி, வேகமோ 1 மீட்டர்தான். இரண்டுக்கும் பெருக்கினால் 17 செ.மீ. நடுத் துளைக்கு 1.4 மீட்டர் வேகம், 0.14 நொடி: 20 செ.மீ. உராய்வால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், வரிசை மாறாது.

அப்படியானால் புத்தகப் படம் முழுத் தப்பா? பாட்டிலை 80 செ.மீ. உயர மேசையின் விளிம்புக்கு மாற்றுவோம்.

[திரையில்: மேசை விளிம்பில் பாட்டில், தண்ணீர் தரையில் விழுகிறது]

இப்போது மூன்று தாரைகளுக்கும் விழும் நேரம் கிட்டத்தட்ட சமம், 0.4 நொடியை ஒட்டி. வேகம்தான் முடிவு செய்கிறது. மேல் துளை 44, நடு 60, அடி 71 செ.மீ. புத்தகத்தில் உள்ள வரிசை அப்படியே வந்துவிட்டது. அந்தப் படத்தில் பாட்டிலுக்குக் கீழே ஒரு மேசையையும் வரைந்திருக்க வேண்டும்.